நான் போகாத கடைக்கு என் கணக்கிலிருந்து பணம்: ஸ்டேட்மென்டில் புரியாத வரி வந்தால் தேடும் வழி

தீபாவளி நோம்பி முடிந்து ஒரு வாரம் இருக்கும். கோபியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் பெரியப்பா ஈரோட்டுக்கு வந்துவிட்டார். கையில் மஞ்சப்பை, அதற்குள் பாஸ்புக். காப்பிகூட வேண்டாம் என்றார்.

"அம்மிணி, பம்பாய்ல எவனோ நாலாயிரத்து எழுநூத்தி எம்பது ரூவா எடுத்துப்போட்டான். ஒங்க பெரியம்மாகிட்டக்கூடச் சொல்லல. ராத்திரி பூராவும் ஒரே வெசனம்."

வரியைப் பார்த்தேன். கார்டு தேய்த்த பதிவு. ஏதோ ஒரு கம்பெனிப் பெயர், பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. ஊர் மும்பை. தேதி, நோம்பிக்கு நான்கு நாள் முன்பு.

"அன்னைக்கு எங்க போனீங்க பெரியப்பா?"

"எங்கியும் போவல அம்மிணி. ஈரோட்டுக்கு வந்தோம், பேரனுக்குத் துணி எடுக்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் விஷயமும். அவர் துணி எடுத்தது பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு கடை. தலைமை அலுவலகம் மும்பையில். பெரியம்மாவின் சேலைப் பெட்டிக்குள் பில் இருந்தது, தொகை ரூபாய் சுத்தமாகப் பொருந்தியது.

நான் ஒன்பது வருடம் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் இருந்தவள். "உங்க கடையில நான் வாங்கவே இல்ல" என்று வந்து நின்றவர்களில் பெரும்பாலானோர் வாங்கியவர்கள்தான். அவர்கள் ஏமாற்றவில்லை, ஸ்டேட்மென்ட் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. அதற்காக எல்லாவற்றையும் மறதிக் கணக்கில் போட்டுவிடவும் முடியாது. சில வரிகள் நிஜமாகவே திருட்டு. அவற்றுக்கு நாள் கணக்கு உண்டு, தள்ளிப்போட்டால் நஷ்டம் நம் தலையில் விழும். அதனால் என் கணக்கு இதுதான்: தேடுவதற்கு ஒரே ஒரு நாள். அதற்குள் புரியவில்லையென்றால் வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும். ஓடிபி கேட்டு வந்த போன், தெரியாத வெளிநாட்டு வரி, அடுத்தடுத்துப் பணம் கழியும் வரிகள் என்றால் அந்த ஒரு நாளும் கிடையாது, "எதுவும் பொருந்தவில்லை" என்ற பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள்.

வரியை எந்த வரிசையில் படிப்பது

எல்லோரும் முதலில் பெயரைப் படிக்கிறார்கள். அந்த வரியில் நம்பக் கூடாதது பெயர்தான். கார்டு தேய்க்கும்போது கடைப் பெயருக்கு என்று ஒதுக்கப்பட்ட இடம் சுமார் 22 முதல் 25 ஆங்கில எழுத்து, ஊருக்கு 13 எழுத்து. நம் ஊர்க் கடைப் பெயர்கள் சாமி பெயரில் தொடங்கி, அப்பா பெயர் சேர்த்து, "டெக்ஸ்டைல்ஸ் அண்டு ரெடிமேட்ஸ்" என்று முடிபவை. அது அந்த இடத்தில் எப்படி அடங்கும்? சாமி பெயர் மட்டும் மிஞ்சும். கொங்கு நாட்டில் சாமி பெயர் மட்டும் வைத்துக் கடையைக் கண்டுபிடிப்பது என்றால் ஒவ்வொரு தெருவுக்கும் நாலு கடை தேட வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் எப்படிப் போன பணம் என்று பாருங்கள்: கார்டா, யுபிஐயா, தானாகக் கழியும் பதிவா. அடுத்து தொகை, பைசா வரைக்கும். பிறகு தேதி. கடைசியில்தான் பெயர்.

இதோடு 12 இலக்கக் குறிப்பு எண் ஒன்று இருக்கும். யுபிஐயிலும் கார்டிலும் இது உண்டு. இந்த எண் பெரும்பாலும் ஒரு முறைப்படி அமையும்: முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 5288 என்று தொடங்கினால் 2025-ம் ஆண்டின் 288-வது நாள், அதாவது அக்டோபர் 15. ஸ்டேட்மென்டில் தேதி ஒன்றாகவும் உங்கள் நினைவு வேறாகவும் இருக்கும்போது இந்த எண் பல தடவை எனக்குக் கை கொடுத்திருக்கிறது.

அறிகுறி: பெயர் தெரியாது, தொகை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது

கடை போர்டில் இருப்பது ஒரு பெயர், கம்பெனியாகப் பதிவான பெயர் வேறு. ஸ்டேட்மென்டில் இரண்டாவது வந்துவிட்டால் குழப்பம். டிமார்ட்டில் மளிகை வாங்கினால் அதன் கம்பெனி அவென்யூ சூப்பர்மார்ட்ஸ். ஜூடியோ, வெஸ்ட்சைட் இரண்டும் ட்ரென்ட். மேக்ஸ் என்றால் லைஃப்ஸ்டைல் இன்டர்நேஷனல். க்ரோமா, இன்ஃபினிடி ரீடெயில். தனிஷ்க்கில் மூக்குத்தி வாங்கினால் டைட்டன் கம்பெனி என்று வரலாம், "நான் வாட்ச் வாங்கலையே" என்று பதற வேண்டாம். பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனிகளும் உண்டு: ஸ்விகி 2024 வரை பண்டல் டெக்னாலஜிஸ், ஜொமேட்டோவின் கம்பெனி 2025-ல் எடெர்னல் ஆனது. கோவையில் வளர்ந்த கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோரை 2020-ல் ரிலையன்ஸ் ரீடெயில் வாங்கியது. நாம் போகும் கடை அதே இடத்தில் இருக்கும், பணம் போய்ச் சேரும் கம்பெனி மாறியிருக்கும்.

இணையத்தில் வாங்கியது என்றால் இன்னொரு அடுக்கு சேரும். திருப்பூர்க்காரர் ஒருவர் டிஷர்ட் விற்கிறார், பணம் வாங்கிக்கொடுப்பது ரேசர்பே, பேயு, பில்டெஸ்க், சிசிஅவென்யூ போன்ற இடைநிறுவனம். வரியில் இடைநிறுவனத்தின் பெயர் மட்டும் நிற்கும். அப்போது பெயரை விட்டுவிட்டு, அந்தத் தொகையை உங்கள் ஈமெயிலில் தேடுங்கள். 1,149 என்றால் காற்புள்ளி போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை.

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் சில வங்கிகள் கடை வகையைக் காட்டும் நாலு இலக்க எண்ணையும் தருகின்றன. 5411 மளிகை, சூப்பர்மார்க்கெட். 5651 குடும்பத் துணிக்கடை. 5912 மருந்துக் கடை. 5541 பெட்ரோல் பங்க். இது தெரிந்தாலே பாதி நினைவு வந்துவிடும்.

அறிகுறி: கடை பெயர் இல்லை, யாரோ ஒரு ஆள் பெயர் இருக்கிறது

யுபிஐ வரிகளில் அதிகம் வரும் சந்தேகம் இது. டீக்கடைக்கு ஸ்கேன் செய்தீர்கள், வரியில் ஒரு பெண் பெயர். அந்தக் கணக்கு கடைக்காரர் சம்சாரத்தின் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான். 2025 ஜூன் 30 முதல், பணம் பெறுபவரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே ஆப்கள் காட்ட வேண்டும் என்று விதி வந்த பிறகு, தனி ஆட்களின் பெயரில் நடக்கும் சிறு கடைகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. முன்பெல்லாம் நம் போனில் நாம் பதிந்துவைத்த பெயரோ, அவர்கள் ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட பெயரோ தெரியும்.

சந்தையில் இது இன்னும் சுவாரசியம். ஈரோடு கனி மார்க்கெட்டில் வாரச் சந்தை திங்கள் இரவே தொடங்கிவிடும். அந்த நெரிசலில் ஒருவரின் க்யூஆர் வேலை செய்யாவிட்டால் பக்கத்துக் கடை அட்டையைத் தூக்கி நீட்டுவார்கள், "இதுல போடுங்க, நாங்க பேசிக்கிறோம்." திருப்பூர் காதர்பேட்டையிலும் இதே கதைதான். பனியன் வாங்கியது ஒரு கடையில், பணம் போனது பங்காளி கடைக்கு. ஸ்வைப் மெஷினையும் இப்படிக் கைமாற்றிக்கொள்வார்கள். வாங்கிய நமக்கு இது நினைவிலேயே இருக்காது.

ஆள் பெயருக்குப் பக்கத்தில் யுபிஐ முகவரி இருக்கும், அதைப் பாருங்கள். ஆங்கில க்யூ எழுத்தில் தொடங்கி எண்கள் ஓடி ஒய்பிஎல் என்று முடிந்தால் அது போன்பே கொடுத்த கடை அட்டை. ஓகேபிஸ்ஆக்சிஸ் என்று முடிந்தால் கூகுள் பே வணிகக் கணக்கு. பேடிஎம்க்யூஆர் என்று தொடங்கினால் பேடிஎம். ஆக, பணம் போனது ஒரு கடை க்யூஆருக்கு என்பதாவது உறுதி. "எனக்கு ஆக்சிஸ் பேங்கில கணக்கே இல்லையே" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். கடைசியில் வரும் வங்கிப் பெயர் நம் வங்கி அல்ல, அந்த முகவரியைத் தாங்கி நிற்கும் வங்கி.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். யுபிஐயில் பணம் போக வேண்டுமானால் பெரும்பாலும் யாரோ ரகசிய எண் போட்டிருக்க வேண்டும். ஆகவே தெரியாத யுபிஐ வரி என்றால் முதல் கேள்வி: உங்கள் ரகசிய எண் வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்? பள்ளிக்கூடம் போகும் பையனுக்குத் தெரியும் என்பதை அம்மாக்கள் கடைசியில்தான் ஒத்துக்கொள்வார்கள். யுபிஐ சர்க்கிள் என்ற வசதியில் வீட்டில் ஒருவரை இணைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் உங்கள் சம்மதம் கேட்காமலே அவர் ஒரு முறைக்கு 5,000, மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை உங்கள் கணக்கிலிருந்து செலவழிக்கலாம். யுபிஐ லைட் (சிறு செலவுக்கு முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் வசதி) வைத்திருந்தால் இன்னொரு குழப்பம்: அதில் ஏற்றிய தொகை மட்டும் ஒரே வரியாக வரும், குடித்த டீயும் வாங்கிய தேங்காயும் தனித்தனியாக ஸ்டேட்மென்டில் வராது. லைட்டின் கணக்கு ஆப்புக்குள்ளேதான்.

கடைக்காரரின் அட்டைமேல் வேறொருவன் தன் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. அப்படியானால் உங்கள் பணமும் போனது, கடைக்காரருக்கும் வரவில்லை. ஒலிப்பெட்டி தொகையைச் சொன்னதா என்று கடையில் கேட்டாலே இது தெரிந்துவிடும்.

அறிகுறி: ஊர் தப்பாக இருக்கிறது

பெரியப்பா கதை இதுதான். மும்பை, பெங்களூரு, குர்கான் என்று வந்தால் முதலில் தலைமை அலுவலகம் என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள். அதைவிட வேடிக்கையானது பக்கத்து ஊர் வருவது. நான் வேலை செய்த கடையில் தீபாவளிக் கூட்டத்துக்கு மெஷின் போதாமல் கரூர்க் கிளையிலிருந்து இரண்டைக் கொண்டுவந்தோம். அந்த மெஷின்களில் பதிந்திருந்த ஊர் கரூர். ஈரோட்டில் சேலை எடுத்தவர்களுக்கெல்லாம் கரூர் என்று போய்விட்டது. அடுத்த இரண்டு வாரம் கவுன்ட்டரில் நின்றவளுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. ஒருவர் தன் மருமகன் மேல் சந்தேகப்பட்டு சம்பந்தி வீட்டில் கேட்டே விட்டார்.

வெளிநாட்டு ஊர் வந்தால் நிலைமை வேறு. ஆப் வாங்கியது, மென்பொருள் சந்தா போன்றவை சிங்கப்பூர், அயர்லாந்து என்று காட்டும், அது சகஜம். அப்படி எதுவும் இல்லையென்றால் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். கார்டை நிறுத்துங்கள், தேடலைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: அன்று நான் வீட்டை விட்டே கிளம்பவில்லை

கிரெடிட் கார்டில் தேய்த்த நாளும் கணக்கில் ஏறிய நாளும் வேறு வேறாக இருக்கும். இடையில் ஞாயிறோ பண்டிகை விடுமுறையோ வந்தால் இன்னும் தள்ளும். ஸ்டேட்மென்டில் இரண்டு தேதி இருந்தால் முந்தையதைப் பாருங்கள், ஒன்றுதான் இருந்தால் அதற்கு முந்தைய மூன்று நான்கு நாட்களையும் சேர்த்து யோசியுங்கள். இணையத்தில் வாங்கிய பொருளுக்குச் சில கடைகள் பொருளை அனுப்பும் நாளில்தான் பணம் எடுக்கும், பல பொருளாக இருந்தால் தவணை தவணையாக. மூவாயிரத்துக்கு வாங்கினேன், 1,260 என்று ஏன் வருகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அறிகுறி: கடை சரி, தொகை கூடுதல்

பில்லில் 2,000. கார்டில் 2,023.60. பெட்ரோல் பங்க்கா? அப்படியானால் ஒரு சதவீதம் எரிபொருள் கூடுதல் கட்டணம் 20 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3.60. பல கிரெடிட் கார்டுகளில் அந்த 20 ரூபாய் பிறகு திரும்ப வரும், 3.60 வராது. துணிக்கடை, நகைக்கடை, எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிரெடிட் கார்டுக்கு இரண்டு சதவீதம் என்று சேர்ப்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டுச் சேர்த்தால் அது பேரம். சொல்லாமல் சேர்த்தால் பில்லைக் கொண்டுபோய்க் கேளுங்கள், பெரும்பாலும் மேனேஜர் முகம் பார்த்ததும் திருப்பித் தந்துவிடுவார். யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரருக்கே கட்டணம் கிடையாது, ஆகவே அவற்றுக்குக் கூடுதல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சில வரிகள் கடைச் செலவு மாதிரி தோன்றும், ஆனால் வங்கியே எடுத்தது. இதற்கு ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறேன். தொகையை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். 236 என்றால் 200 வரும். 295 என்றால் 250. 590 என்றால் 500. 17.70 என்றால் 15. இப்படி முழு எண் வந்தால், அது 18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்ந்த கட்டணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்: கார்டுக்கான ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம், அந்த மாதிரி. மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ 436 ரூபாயும் 20 ரூபாயும் போயிருந்தால் அவை பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீட்டுத் திட்டங்களின் பிரீமியம். வங்கிக்குப் போன அன்று நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்போம்.

அறிகுறி: ஒரே கடை, ஒரே தொகை, இரண்டு வரி

கவுன்ட்டரில் "டிக்ளைன்" என்று வந்தது, மறுபடி தேய்த்தீர்கள். இரண்டுமே கழிந்துவிட்டது. இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று பிறப்பித்த உத்தரவு இருக்கிறது. கடையில் தேய்த்த கார்டோ, கடைக்குப் போன யுபிஐயோ, பணம் கழிந்து கடையில் உறுதி வரவில்லையென்றால், நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி உங்களுக்குத் தர வேண்டும், கேட்காமலே. தனி ஆளுக்குப் போட்ட யுபிஐ சேராமல் போனால் ஒரு நாள்தான் கெடு.

ஆனால் இரண்டுமே வெற்றி என்று பதிவாகியிருந்தால் இந்த உத்தரவு வேலைக்கு ஆகாது, கடைக்குத்தான் போக வேண்டும். போகும்போது வெறும் "எங்கிட்ட ரெண்டு தடவை எடுத்துட்டீங்க" என்று போனால் கவுன்ட்டர் பெண்ணால் ஒன்றும் செய்ய முடியாது. தேதி, தொகை, கார்டின் கடைசி நாலு எண், சிலிப்பில் உள்ள ஆறு இலக்க அப்ரூவல் எண் அல்லது அந்த 12 இலக்க எண். இவை இருந்தால் கணக்குப் பிரிவில் இருக்கும் என்னைப் போன்றவள் அன்றைய செட்டில்மென்ட் அறிக்கையில் (கடைக்கு வந்து சேர்ந்த பணத்தின் பட்டியலில்) ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவாள். சிலிப்பில் மெஷின் எண்ணும் இருக்கும், எந்தக் கவுன்ட்டர் என்பதும் தெரிந்துவிடும். காலை பத்து மணிக்குப் போங்கள். ஞாயிறு மாலை கூட்டத்தில் போய் நின்றால் யாராக இருந்தாலும் "நாளைக்கு வாங்க"தான் சொல்வார்கள்.

துணியைத் திருப்பிக் கொடுத்தும் பணம் வரவில்லை என்றால் முதலில் கையில் உள்ள தாளைப் பாருங்கள். நம் பக்கத்து ஜவுளிக்கடைகளில் பாதிப் பேர் பணம் திருப்பமாட்டார்கள், கடன் சீட்டுதான் தருவார்கள். அது பர்ஸில் மடித்துக் கிடக்கும், நாம் வங்கியைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அறிகுறி: மாதம் தவறாமல் அதே தொகை

கடை அல்ல, சந்தா. எப்போதோ ஒரு மாதம் இலவசம் என்று கார்டு எண்ணைக் கொடுத்தது. இப்படித் தானாகக் கழியும் பதிவுகளுக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் ஓடிபி கேட்காமலே கழியும். அந்த அறிவிப்பு விளம்பர எஸ்எம்எஸ்களோடு புதைந்திருக்கும். யுபிஐ ஆப்பில் "ஆட்டோபே" பகுதியையும், கார்டு என்றால் வங்கி ஆப்பில் தானியங்கி ஒப்புதல்கள் இருக்கும் பகுதியையும் திறந்து பாருங்கள், அங்கேயே ரத்து செய்யலாம். போனிலிருந்து ஆப்பை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிற்காது.

அறிகுறி: ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்

கார்டை ஓர் ஆப்பில் சேமித்தாலோ ஆட்டோபே போட்டாலோ சோதனைக்கு ஒன்றிரண்டு ரூபாய் எடுத்துத் திருப்புவார்கள். நீங்கள் அன்று அப்படி எதுவும் செய்யவில்லையா? அப்போது இந்த ஒரு ரூபாயை நான் நாலாயிரத்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். திருடிய கார்டு எண் வேலை செய்கிறதா என்று பார்ப்பவனும் இதே ஒரு ரூபாயில்தான் தொடங்குவான்.

அறிகுறி: எதுவும் பொருந்தவில்லை

வீட்டில் எல்லோரையும் கேட்டாயிற்று, தொகை எங்கும் இல்லை, கடையும் "எங்கள் கணக்கில் இல்லை" என்கிறது. சரி, இனி இது திருட்டு என்றே நடந்துகொள்ளுங்கள்.

முதல் வேலை கதவைச் சாத்துவது. வங்கி ஆப்பிலேயே கார்டை நிறுத்தலாம். இணையம், வெளிநாடு, தட்டிச் செலுத்துவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கவும் வசதி உண்டு. தட்டிச் செலுத்தும் வசதியில் 5,000 ரூபாய் வரை ரகசிய எண்ணே கேட்காது என்பதால், கார்டு தொலைந்த வீட்டில் இதைத்தான் முதலில் அணைக்க வேண்டும்.

அடுத்து வங்கியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன். அந்த எண்ணைக் கார்டின் பின்பக்கத்திலிருந்து எடுங்கள். இணையத்தில் தேடி எடுத்த எண்ணில் திருடனே உட்கார்ந்திருப்பான், இப்படி இரண்டாம் தடவை இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். ஏமாற்றி வாங்கிய பணம் என்றால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் போடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க அதுதான் வழி. மாவட்டத்தில் உள்ள சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

இப்போது அந்த நாள் கணக்கு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 தேதியிட்ட உத்தரவு இப்படிச் சொல்கிறது: தவறு உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, வெளியே எங்கேயோ நடந்தது என்றால், தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு பைசா பொறுப்பில்லை. நாலு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால் ஜன்தன் மாதிரியான அடிப்படைக் கணக்குக்கு 5,000 ரூபாய் வரையும், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரையும் நஷ்டம் உங்களுடையது, போன தொகை அதைவிடக் குறைவென்றால் அந்தத் தொகை மட்டும். ஏழைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அது. தவறு வங்கியுடையது என்றால் எப்போது சொன்னாலும் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. ஓடிபியையோ ரகசிய எண்ணையோ நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது உங்கள் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். அந்த நிலையில் ஒவ்வொரு நிமிடமும் காசு.

எண்ணும் முறையும் தெரிந்திருக்கட்டும். தகவல் வந்த நாள் கணக்கில் சேராது, உங்கள் கிளையின் வேலை நாட்கள் மட்டுமே சேரும். வெள்ளிக்கிழமை எஸ்எம்எஸ் வந்தது, மறுநாள் இரண்டாவது சனி என்றால், திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் இருக்கிறது. பாஸ்புக்கை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்ட்ரி போடுகிற பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு எஸ்எம்எஸ் ஒன்றுதான் காவல். அதனால் மொபைல் எண் மாற்றியதும் கிளையில் போய்ச் சொல்லிவிட வேண்டும். அவருடைய பழைய எண் என் தம்பியிடம் இருந்தது, அவன் நான்கு மாதமாக எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துவிட்டு அழித்துக்கொண்டிருந்தான்.

புகார் கொடுத்த பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தற்காலிக வரவைப் பார்த்துப் பணம் வந்துவிட்டது என்று செலவழித்துவிடாதீர்கள், முடிவு எதிராகப் போனால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

வங்கி "நீங்கள் செய்ததுதான்" என்று பதில் எழுதினால்

எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர் தவறு என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் பொறுப்பு என்று அதே 2017 உத்தரவில் இருக்கிறது. கார்டு தேய்த்தது என்றால் கடையின் சிலிப் நகலை வரவழைக்கச் சொல்லுங்கள். சில சமயம் அந்த நகல் வந்ததும் நமக்கே நினைவு வந்துவிடும். எங்கள் கடைக்கு இப்படி வந்த ஒரு கேள்விக்கு நாங்கள் அனுப்பிய சிலிப்பில் இருந்த கையெழுத்து அவருடைய சம்சாரத்துடையது, மைத்துனி சீருக்கு எடுத்த பட்டுச்சேலை. அந்தக் கணக்கு வீட்டில் எப்படி முடிந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

முப்பது நாளில் பதிலே இல்லை, அல்லது பதில் ஏற்கத்தக்கதாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகல், புகார் எண், வங்கியின் பதில், அந்த வரி உள்ள ஸ்டேட்மென்ட் பக்கம், இவற்றை இணைக்க வேண்டும். இணையத்தில் போடலாம், சந்தேகத்துக்கு 14448 என்ற எண்ணில் கேட்கலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். எந்த மொழியிலும் எழுதலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. தமிழில் எழுதி, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.